குறுணிப் புழுவும் ஊசிக் குளவியும்

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஓர் இலந்தை மரத்தில், ஓர் இலையின் இரண்டு தோல்களுக்கு நடுவே, குறுணி என்ற புழு குடியிருந்தாள். அவள் அரிசி நொய்யைவிடச் சிறியவள். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பச்சைச் சதை. அந்தச் சதையைத் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டுவதுதான் அவளுடைய வேலை. வெயில் அடித்தால் சுரங்கம் முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவும். மழை பெய்தால் தலைக்கு மேலே படபடவென்று சத்தம் கேட்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

அவளுடைய அம்மா ஓர் அந்துப்பூச்சி. ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலத்தில் அந்த மரத்துக்கு வந்து, இலைக்கு ஒன்றாக முட்டை இட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த இனத்துக்கு இலந்தை இலை ஒன்றுதான் ஆகும். பக்கத்தில் புங்கமும் நாவலும் தழைத்து நின்றாலும் வாய் வைக்காது. குளத்தின் இந்தக் கரையில் இலந்தை அந்த ஒரு மரம்தான். ஆகவே அம்மாவின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த மரம்தான் ஊர், அந்த மரம்தான் உலகம்.

குறுணிக்கு எதைக் கண்டாலும் பயம். காற்று அடித்தால் இலை விழுந்துவிடுமோ என்று பயம். காற்று நின்றால் ஏன் நின்றது என்று பயம். மேல்தோலில் ஒரு நிழல் போனால் போதும், நெடுநேரம் மூச்சுக்கூட விடாமல் கிடப்பாள்.

மார்கழி பிறந்தபோது அவளுடைய இலையில் சதை தீர்ந்துபோனது. எந்தப் பக்கம் தோண்டினாலும் வெறும் தோல். பசியோடு சுருண்டு கிடந்தவளை வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"உள்ளே யாரு? இன்னுமா வெளியே வரல?"

குறுணி தோலின் வழியே எட்டிப் பார்த்தாள். காய்ந்த இலைத் துண்டு ஒன்று செங்குத்தாக நின்றபடி நடந்து வந்தது. அதன் கீழ்முனையிலிருந்து ஒரு சின்னத் தலை நீண்டது.

"நான் மொக்கன். உனக்கு மூத்தவன். அடுத்த கிளையில பொறந்தேன்" என்றது தலை. "இலை காலியாயிட்டா பட்டினி கிடக்கக் கூடாது. உன் உடம்பு அளவுக்கு மேல்தோல்ல ஒரு துண்டு, கீழ்த்தோல்ல ஒரு துண்டு அறுத்துக்கோ. ரெண்டையும் உன் நூலால சேர்த்துத் தைச்சிடு. அதுதான் கூடு. அதைச் சுமந்துக்கிட்டே அடுத்த இலைக்குப் போகலாம். தலையை மட்டும் நீட்டித் தின்னலாம். ஆபத்துன்னா உள்ளே இழுத்துக்கலாம்!"

"அண்ணே, வெளியே பயமா இருக்குமே!"

"பயமாத்தான் இருக்கும். எனக்கும்தான். அதுக்காகப் பசியில சாவியா?"

குறுணி நடுங்கிக்கொண்டே அறுத்தாள். நடுங்கிக்கொண்டே தைத்தாள். கூட்டோடு வெளியே வந்தபோது அடிக்கிற வெயிலில் கண் கூசியது. கீழே குளம் பளபளத்தது. அவ்வளவு பெரிய உலகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை. கிடுகிடுவென்று அடுத்த இலையின் அடிப்பக்கம் போய்க் கூட்டை ஒட்டிக்கொண்டாள்.

அங்கே அவளுக்குத் தோல் உரிக்கும் தூக்கம் வந்தது. புழுக்களுக்கு அது சாதாரணத் தூக்கம் இல்லை. இரண்டு நாள் நீடிக்கும். மரத்தையே வெட்டினாலும் தெரியாது.

தூங்கி எழுந்தபோது நல்ல பசி. புதுத் தோலோடு இலையைத் துளைத்து மெல்லத் தொடங்கினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

கூட்டின் மேல் யாரோ தட்டினார்கள். குறுணி மெல்வதை நிறுத்தினாள்.

"தங்கச்சி! முழிச்சிட்டியா?"

குரல் தேன் மாதிரி இருந்தது.

"பேசாம இருந்தா ஆள் இல்லைன்னு நினைச்சுக்குவேனா? இப்பத்தானே மென்னே! கேட்டுச்சே!"

சர்ரென்று கூட்டின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஓர் ஊசி உள்ளே வந்தது. கறுப்பு ஊசி. மயிரிழை கனம்தான். அது அவளுடைய முகத்துக்கு நேராக வந்து நின்றது. நுனியில் ஈரம் மின்னியது.

குறுணி பின்சுவரில் ஒண்டிக்கொண்டாள். "அக்கா! என்னை விட்டுடுங்க அக்கா! நான் ரொம்பச் சின்னவ!"

"விட்டுடறேன்" என்றது வெளியே நின்ற ஊசிக் குளவி. ஊசி மெல்லப் பின்வாங்கியது. "பயப்படாதே. இனிமே உன்னைத் தொட மாட்டேன். சத்தியம்! என் சத்தியத்தை நான் மீறினதே இல்ல. ஆனா நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

"என்ன உதவி?"

"இந்த மரத்துல ஆயிரம் இலை. எதுல ஆள் இருக்கு, எது காலின்னு தட்டித் தட்டிப் பாத்தே என் பொழுது போயிடுது. நீ அவங்க இனம். உனக்குத் தெரியும். ஒரே ஒரு ஆளைக் காட்டு. போதும்!"

"மாட்டேன்!" என்றாள் குறுணி.

ஊசி மறுபடி உள்ளே வந்தது. இந்தத் தடவை அவளுடைய வயிற்றுப் பக்கம்.

"கோடிக் கொம்பு!" என்று குறுணி அலறினாள். "கோடிக் கொம்புல மூணாவது இலை! அங்கே ஒருத்தன் இருக்கான்!"

அவனை அவளுக்குப் பழக்கமில்லை. பேர்கூடத் தெரியாது. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

குளவி பறந்தது. குறுணி சுருண்டு படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கோடிக் கொம்பிலிருந்து "ஆ!" என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

போதும் என்று சொன்ன குளவி நாலாம் நாள் மறுபடி வந்தது.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? உன்னைத் தொட்டேனா? இல்லையே! சரி, இன்னும் ஒருத்தர்."

குறுணி இன்னும் ஒருத்தரைக் காட்டினாள். அதற்குப் பிறகு இன்னும் ஒருத்தர். முதலில் தெரியாதவர்களைத் தேடித் தேடிச் சொன்னாள். தெரியாதவர்கள் தீர்ந்துபோனார்கள்.

பக்கத்து இலையில் வெள்ளச்சி என்ற ஒரு தங்கை இருந்தாள். காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் குறுணி அவளைக் கூப்பிடுவாள்.

"வெள்ளச்சி, இருக்கியா?"

"இருக்கேன் அக்கா! நீ இருக்கியா?"

"இருக்கேன்!"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் குறுணிக்கு நடுக்கம் நிற்கும்.

தை மாதக் கடைசியில் குளவி வந்து கூட்டின் மேல் உட்கார்ந்தது. "இன்னைக்கு யாரு?" என்று கேட்டது.

"யாரும் இல்ல அக்கா. எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல."

"இல்லையா? பக்கத்து இலையில யாரோ 'இருக்கேன்'னு சொல்றாளே! காத்துல கேட்டுச்சு. எந்த இலைன்னுதான் தெரியல. நீ சொல்லாட்டா பரவாயில்ல. நான் தட்டிப் பாத்துக்கறேன். ஆனா என் சத்தியம் மட்டும் அப்புறம் நிக்காது."

குறுணி கண்ணை மூடிக்கொண்டாள். "இடது பக்கத்து இலை" என்றாள்.

அன்று முழுவதும் அவள் வெள்ளச்சியைக் கூப்பிடவில்லை. கூப்பிடத் துணிவில்லை. மறுநாள் காற்று அடித்தபோது அடுத்த இலையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இருக்கியா?"

குறுணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெள்ளச்சி! நீ... நீ இருக்கியா?"

"இருக்கேனே! நேத்து ஏதோ ஒண்ணு சுருக்குன்னு குத்திச்சு. கொஞ்ச நேரம் மரத்துப்போச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. பசிதான் தாங்கல அக்கா. எவ்வளவு தின்னாலும் பசிக்குது!"

"எனக்கும்தான்டி!" என்று குறுணி சந்தோஷமாகக் கத்தினாள். 'குத்தினால் சாவு இல்லை! சும்மா ஒரு குத்து! அவ்வளவுதான்! இதற்கா இப்படிப் பயந்தேன்?' என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரண்டு மடங்கு தின்றாள்.

மாசி வந்தது. மரத்தில் இலைகள் பழுக்கத் தொடங்கின. பச்சை இலை தேடி குறுணி கூட்டைச் சுமந்துகொண்டு கீழ்க்கிளைக்கு இறங்கினாள். அங்கே ஒரு முள்ளின் அடியில் ஒரு பழைய கூடு ஒட்டியிருந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

குறுணி நின்றாள். உள்ளே யாரோ வெளியே வரப் போகிறார்கள்! புழு கூட்டுக்குள்ளேயே திரும்பிப் படுத்து, பின்வாசல் வழியாக அந்துப்பூச்சியாக வெளியே வரும் என்று மொக்கன் சொல்லியிருந்தான். அம்மாவைப் போல ஒரு பூச்சியை அவள் பார்த்ததே இல்லை. பின்வாசலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

பின்வாசல் திறக்கவில்லை. கூட்டின் பக்கச் சுவரில் கரகரவென்று ஒரு சத்தம். ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டையிலிருந்து ஒரு கறுப்புத் தலை வந்தது. இரண்டு நீண்ட உணர்கொம்புகள் வந்தன. ஈர இறக்கைகள் வந்தன. ஒரு குட்டிக் குளவி வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு குறுணியைப் பார்த்தது.

"தள்ளிக்கோ, நான் பறக்கணும்!" என்றது. பறந்து போனது.

குறுணி மெல்ல ஊர்ந்து போய் அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். கூட்டில் யாரும் இல்லை. ஒரு புழுவின் வெறும் தோல் மட்டும் சுருங்கிக் கிடந்தது.

அவள் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளச்சியின் பசி நினைவுக்கு வந்தது. பிறகு தன்னுடைய பசி நினைவுக்கு வந்தது. அதன் பிறகு அவளால் எதையும் நினைக்க முடியவில்லை.

திரும்பி மேலே வந்தபோது குளவி காத்துக்கொண்டிருந்தது.

"எங்கே போனே தங்கச்சி? தேடிட்டேன். மொக்கன்னு ஒருத்தன் இருக்கானாமே! கொழுத்தவனாம். எந்த இலை?"

"அக்கா, முதல்ல நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் குறுணி. "நீங்க என்னைக் குத்தினீங்களா?"

குளவி தன் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டது. "இனிமே உன்னைத் தொட மாட்டேன்னுதானே சொன்னேன்? அதுக்கப்புறம் தொட்டேனா? சொல்லு!"

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியா?" குளவி சிரித்தது. "நீ தோல் உரிச்சுக்கிட்டு ரெண்டு நாள் தூங்கினே இல்ல? அப்பவே முட்டை வெச்சாச்சு. முழிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் முழிச்சிட்டியான்னு கேட்டேன்!"

"அப்ப எதுக்கு என்கிட்ட சத்தியம் பண்ணீங்க?"

"உன் கதை முடிஞ்சது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதே! உயிர் மிஞ்சும்னு நம்பறவதான் நல்லா வழி காட்டுவா!" என்றது குளவி. "சும்மா சொல்லக் கூடாது, உனக்கு நான் ஒரு குறையும் வைக்கல. அன்னைக்கு உன் கூட்டுப் பக்கம் எறும்பு வரிசையா வந்துச்சே, அதைக் கலைச்சு விட்டது யாரு? நான்தான்! உன்னைப் பத்திரமா வெச்சிருக்கேன். இன்னொரு தடவை உன்னைக் குத்தினா உள்ளே இருக்கிற என் பிள்ளை போயிடும். அதனால நீ பயப்படவே வேண்டாம்! நல்லாச் சாப்பிடு. நாளைக்கு வர்றேன். மொக்கன் எந்த இலைன்னு சொல்லணும்."

குளவி போய்விட்டது. குறுணி கூட்டுக்குள் சுருண்டாள். வயிற்றுக்குள் ஏதோ மெல்லப் புரண்டது. இத்தனை நாளும் அதை அவள் தின்ற இலை என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. எங்கே ஓடுவது? கூட்டுக்குள்ளே ஒளியலாம். ஒளிந்தால் அதுவும் கூடவே வந்து ஒளியும். அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே பசித்தது.

வெயில் தாழும் நேரத்தில் அவள் கூட்டை இழுத்துக்கொண்டு மொக்கனின் கிளைக்குப் போனாள். அங்கே மொக்கனும் இன்னும் ஆறு பேரும் கடைசிப் பச்சை இலைகளைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நான் சொல்றதைக் கேட்டுட்டு என்னை என்ன வேணா பண்ணு" என்று தொடங்கி, குறுணி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

மொக்கனின் தலை கூட்டுக்குள் பாதி போய்விட்டது. "கோடிக் கொம்புக்காரனை...?"

"நான்தான் காட்டினேன்."

"வெள்ளச்சியையுமா?"

"நான்தான்."

"போயிடு இங்கிருந்து!" என்று மொக்கன் கத்தினான். "அதைப் பின்னாலயே கூட்டிக்கிட்டு வந்திருக்கியா? போ!" மற்ற ஆறு பேரும் சட்டென்று கூட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"போறேன்" என்றாள் குறுணி. "ஆனா அதுகூட ரெண்டு மாசமாப் பேசியிருக்கேன். அதோட வழக்கம் எனக்குத் தெரியும். கேட்டுக்கோங்க. அதுக்குக் கண்ணு மந்தம். மெல்ற சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். நீங்க இப்பவே தின்னறதை நிறுத்திடுங்க. இலையை விட்டு இறங்கி, முள்ளுக்கு அடியில கூட்டைக் கெட்டியாக் கட்டிக்கோங்க. அசையாதீங்க. மரப்பட்டை மாதிரி இருப்பீங்க. அதுக்குத் தெரியாது."

"எத்தனை நாள் அப்படி இருக்கிறது?" என்று ஒரு கூட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"இலை எல்லாம் கொட்டற வரைக்கும். அதுக்கும் வயசாயிடுச்சு. இன்னும் பத்து நாள் தாண்டாது."

"நாங்க நடக்கிற சத்தம் கேக்குமே! ஏழு பேரு இறங்கிக் கட்டி முடிக்க நாலு நாள் ஆகுமே!" என்றான் மொக்கன். கோபம் போகவில்லை, ஆனால் தலை வெளியே வந்திருந்தது. "அதுவரைக்கும் அது சும்மா இருக்குமா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"நீயா? நிழலைக் கண்டாலே நடுங்குவியே!"

"இப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் குறுணி.

போகும் வழியில் வெள்ளச்சியின் இலைக்கும் போனாள். அவளிடமும் சொன்னாள். வெள்ளச்சி மென்றுகொண்டிருந்ததை மெல்ல நிறுத்தினாள்.

"அப்ப இந்தப் பசி என்னோடது இல்லையா?" என்று கேட்டாள்.

குறுணி தன் கூட்டைக் குளத்துப் பக்கம் திருப்பினாள்.

"நான் குளத்து மேல போறேன் வெள்ளச்சி. நீயும் வர்றியா?"

"வேண்டாம். எனக்கு விழறதுக்குப் பயமா இருக்கு. உன்கூட வரவும் பிடிக்கல." வெள்ளச்சி கூட்டுக்குள் போய்விட்டாள். அதன் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் 'இருக்கேன்' என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை குளவி வந்தபோது குறுணி பழைய இடத்தில் இல்லை. மரத்தின் கோடியில், குளத்தின் மேல் நீண்ட ஒரு கொம்பின் நுனி இலையில் தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த இலை மஞ்சளாகப் பழுத்துவிட்டது. காம்பு ஒரு நூல் அளவுதான் பிடித்திருந்தது.

குளவி பதறிப் பறந்து வந்தது. "தங்கச்சி! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது விழப்போற இலை! இறங்கிக் கொம்புக்கு வா!"

"வர மாட்டேன்."

"கீழே தண்ணி! விழுந்தா என் பிள்ளை செத்துடும்!"

"தெரியும் அக்கா."

குளவி ஊசியை நீட்டியது. குறுணிக்கு உடம்பு தானாகவே சுருங்கியது. ஆனாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. "குத்துங்க!" என்றாள். "இன்னொரு தடவை குத்தினா உள்ளே இருக்கிறது போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த மரத்துல நீங்க தொடவே முடியாத ஆள் நான் ஒருத்திதான்!"

ஊசி நடுங்கியது. பின்வாங்கியது.

"சரி, சரி. கோபப்படாதே. நீ அங்கேயே இரு. நான் போய் அந்த மொக்கனை முடிச்சிட்டு வந்து..."

"போனீங்கன்னா காம்பைக் கடிச்சு அறுத்துடுவேன்!" குறுணி வாயைக் காம்பில் வைத்துக் காட்டினாள். "என் கண்ணை விட்டு நகர்ந்தாப் போதும். அறுத்துடுவேன்!"

"அறுத்தா நீயும்தானே விழுவே!"

"நான் விழுந்து ரொம்ப நாளாச்சு அக்கா."

குளவி கொம்பின் நுனியில் வந்து உட்கார்ந்தது. கெஞ்சியது. மிரட்டியது. சத்தியம் செய்தது. கதைகள் சொன்னது. குறுணி எதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு தடவை காற்று வந்தபோதும் இலை சுற்றியது. அப்போதெல்லாம் இரண்டு பேருமே 'ஐயோ' என்றார்கள். குறுணி பழுத்த இலையைத் தின்னவும் இல்லை. தின்னத் தின்ன உள்ளே இருப்பது வளரும் என்று அவளுக்குத் தெரியும். பசி அவளைக் கடித்தது. வயிற்றில் இருந்தது முட்டி மோதியது. அவள் காம்பிலிருந்து வாயை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மரத்தின் உள்பக்கத்திலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. யாரோ கூட்டை இழுக்கிற சத்தம். குளவியின் உணர்கொம்புகள் அந்தப் பக்கம் திரும்பின.

"யாரோ நடக்கிறாங்க!"

குறுணி காம்பைக் கரகரவென்று கடித்தாள். இலை ஒரு விரல் அளவு கீழே இறங்கியது.

"வேண்டாம்! வேண்டாம்! போகல, நான் போகல!" என்று குளவி அலறியது. இப்போது அதன் குரலில் தேன் இல்லை. "சொல்லு தங்கச்சி, உனக்கு என்னதான் வேணும்?"

"இங்கேயே இருங்க" என்றாள் குறுணி. "அது போதும்."

இப்படி நாலு நாள் போனது. மொக்கனும் மற்ற ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக முள்ளடிக்கு வந்து, கூட்டை நூலால் இறுகக் கட்டிக்கொண்டு, வாசலை மூடிக்கொண்டார்கள். கடைசியாக மூடியவன் மொக்கன். மூடுவதற்கு முன் கோடிக் கொம்பைப் பார்த்தான். மஞ்சள் இலையும், அதன் அடியில் ஒரு பொட்டும், பக்கத்தில் கறுப்பாகக் குளவியும் தெரிந்தன. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். சத்தம் கேட்டுவிடுமே என்று அடக்கிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் பிற்பகலில் மலைப்பக்கத்திலிருந்து காற்று கிளம்பி வந்தது. மரம் முழுவதும் ஒரு தடவை குலுங்கியது. நூற்றுக்கணக்கான இலைகள் ஒன்றாகப் பறந்தன. குறுணியின் இலையும் காம்பு அறுந்து கிளம்பியது.

"பிள்ளை!" என்று கத்திக்கொண்டு குளவி பின்னாலேயே பாய்ந்தது. இலை சுழன்று சுழன்று இறங்கித் தண்ணீரில் படுத்தது. குளவி அதன் மேல் இறங்கி, கூட்டைக் காலால் பற்றித் தூக்கப் பார்த்தது. தூக்க முடியவில்லை. இறக்கைகள் நனைந்து ஒட்டிக்கொண்டன.

"அக்கா" என்றது கூட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். "உங்களுக்கும் பயமா இருக்கா?"

குளவி பதில் சொல்வதற்குள் அடியிலிருந்து ஒரு கெண்டை மீன் எழும்பியது. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து விரிந்து கரையைத் தொட்டது. பிறகு குளம் அமைதியாகிவிட்டது.

சித்திரையில் கோடை மழை பெய்தது. மொட்டை மரம் துளிர்த்தது. முள்ளடியில் ஒட்டியிருந்த ஏழு கூடுகளும் அசைந்தன. மொக்கன் வெளியே தலை நீட்டி, முதல் தளிரைத் தொட்டுப் பார்த்து, பிறகு கடித்தான். பழைய கூடு இறுகிப்போனதால் புதிய இலையில் பெரியதாக ஒன்று வெட்டித் தைத்துக்கொண்டான்.

அந்த நாட்களில் ஒரு நாள் வெள்ளச்சியின் கூட்டின் பக்கச் சுவர் உடைந்தது. அதிலிருந்து ஒரு குளவி வந்தது. கோடிக் கொம்புக்காரனின் கூட்டிலிருந்தும் ஒன்று வந்தது. குறுணி காட்டிய மற்ற கூடுகளிலிருந்தும் வந்தன. ஏழு பேரும் மூச்சை அடக்கி, மெல்வதை நிறுத்தி, அவை பறந்து போகும் வரை மரப்பட்டையாகக் கிடந்தார்கள். அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் குறுணிதான்.

ஆடிக் காற்று நிற்கிற சமயத்தில் கூடுகளின் பின்வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாம்பல் நிற இறக்கையோடு அந்துப்பூச்சிகள் வெளியே வந்தன. அவர்களில் பெண் பூச்சிகள் அந்த மரத்தில் ஆளுக்கு ஒரே ஒரு முட்டை மட்டும் இட்டார்கள். அதன் பிறகு குளத்தைத் தாண்டிப் பறந்தார்கள். அக்கரையில் தூரத் தூரமாக நாலைந்து இலந்தை மரங்கள் நின்றன. மரத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்து முட்டை வைத்தார்கள். ஒரு மரத்தில் இருப்பவர்களை இன்னொரு மரத்தில் இருப்பவர்கள் காட்டிக் கொடுக்க முடியாது அல்லவா?

மொக்கன் தன் கடைசி நாட்களில் புதிதாகப் பொரித்த குட்டிப் புழுக்களுக்கெல்லாம் குறுணியைப் பற்றிச் சொன்னான். வெள்ளச்சியைக் காட்டிக் கொடுத்ததையும் சொன்னான். நாலு நாள் காம்பைக் கடித்துக்கொண்டு கிடந்ததையும் சொன்னான். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தன் உயிர் தப்பினால் போதும் என்று அடுத்தவரைக் காட்டிக் கொடுப்பவர், எதிரியின் கையில் தன்னைத்தான் முதலில் கொடுத்துவிடுகிறார்.